ஆயத்தப் பொதிகள்

மூலநிரலைத் தாமே தொகுத்து நிறுவுவதே கற்றோர்க்கு அழகென்பார் என் நண்பர் சிலர். என் பழைய 32 பிட் கணினியோ ஒரு பெருநிரலைத் தொகுக்க இரவு முழுதும் உழலும். ஆதலின், 1993இல் இயன் மேர்டொக் தொடக்கிய திறந்தமூல இயங்குதளமாகிய டெபியனின் களஞ்சியத்தையே யான் நாடுவது வழக்கம்.

மாணவர்காள், நிரலின் பெயர் அறியாவிடினும் கவலையில்லை. அதன் தொழிலைக் குறிக்கும் சொல்லொன்றை ‘ஆப்ட்’ என்னும் கருவிக்குக் கொடுத்தாற் போதும். அது தக்க பொதிகளைக் காட்டும். நிறுவுங்கால் சார்பொதிகளையும் உடன்கொணரும். களஞ்சியத்தின் கையொப்பத்தையும் சரிபார்க்கும். முகமறியாதார் தரும் பொதிக்கு இக்காவல் ஏது?

நிற்க. 2025இல் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பு, 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியையும் கருவையும் கைவிட்டது. எனக்கு வருத்தமே. அக்கணினியை 12ஆம் பதிப்போடு நிறுத்தியுள்ளேன். முந்திய பதிப்புகளின் பொதிகளும் ஆவணக் களஞ்சியத்தில் உள. ஆயினும், பாதுகாப்புத் திருத்தம் பெறாத பொதிகளோடு இணையத்திற் புகுதல் தகாது. திருத்தங்கள் நின்றதும் இணைப்பை அறுத்து, தமிழ் தட்டெழுதுவதற்கு மட்டும் அதனை வைத்துக்கொள்வேன்.