பெயர்ப்பலகையும் கறிக்கடையும்

உத்தரப் பிரதேச அரசின் இரண்டு உத்தரவுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். 2023 நவம்பரில் ஒன்று: ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருட்களை மாநிலத்துக்குள் விற்கக்கூடாது, ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. 2024 ஜூலையில் இன்னொன்று: கன்வர் யாத்திரை போகிற வழியில் இருக்கும் உணவுக்கடைகள் உரிமையாளர் பெயரை வெளியே எழுதி வைக்க வேண்டும். இடையில் எட்டு மாதம். பொட்டலத்தில் மத அடையாளம் இருக்கக்கூடாது என்று சொன்ன அதே அரசு, கடைக்காரர் மேல் அது இருந்தே ஆக வேண்டும் என்றது. முதல் உத்தரவுக்கு, தனியார் சான்றிதழால் தரத்தில் குழப்பம் வருகிறது என்று காரணம் சொன்னார்கள். அதிலாவது வாதிக்க ஏதோ இருக்கிறது. இரண்டாவதில் எனக்கு எதுவும் தென்படவில்லை.

•

ஹரித்வாரில் கங்கை நீர் எடுத்து, காவடிபோலத் தோளில் சுமந்து, ஊர்ச் சிவன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களின் விரதத்தை நான் மதிக்கிறேன். வெயிலிலும் மழையிலும் அத்தனை தூரம் நடப்பவர், தட்டில் விழுவதில் வெங்காயமோ பூண்டோ கறியோ கலந்திருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லத்தான் வேண்டும். அதை எழுதி வைக்கச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் யாத்திரை வழியில் உள்ள முசாபர்நகரின் போலீஸ் கேட்டது அதையல்ல. அடுப்பில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டது. முஸ்லிம் தொழிலாளர்களைச் சில தாபாக்கள் வேலையை விட்டு நிறுத்தியதாகச் செய்தி வந்தது. பெயர் எழுதச் சொன்னதன் பலன் அந்தப் பையன்களின் கூலியில் தெரிந்தது.

•

2024 ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. என்ன வகை உணவு என்று எழுதினால் போதும், உரிமையாளர், வேலையாட்கள் பெயரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. விசாரணையின்போது நீதிபதி பட்டி சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது. கேரளத்தில் அவர் இருந்த ஊரில் இரண்டு சைவ ஓட்டல்கள், ஒன்று இந்து நடத்துவது, மற்றது முஸ்லிம் நடத்துவது. அவர் போனது முஸ்லிம் ஓட்டலுக்கு. துபாயிலிருந்து திரும்பிய அந்த முதலாளி சுத்தத்தில் அவ்வளவு கறாராக இருந்தாராம். சாப்பிடப் போகிற எவரும் பார்க்கிற விஷயம்தானே அது.

•

நம் ஊருக்கு வருவோம். மகாவீரர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம் என்றால் சென்னையில் ஆட்டுத்தொட்டியும் மூடல், கறிக்கடையும் மூடல். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் தெரு பாய் கடையில் கூட்டம் நெருக்கும். “நாளைக்குக் கடை கிடையாதுங்க, இப்பவே வாங்கிக்குங்க” என்று அவர் சொல்லிக்கொண்டே நெஞ்செலும்பைக் கட்டையில் வைத்து வெட்டுவார். உள்ளே ஒரு பையன் குடலைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருப்பான், இன்னொருவன் தலையைத் தீயில் வாட்டுவான். இரண்டு பேருக்கும் அன்றாடக் கூலி. கடை மூடினால் கூலி இல்லை.

•

இதே போல அகமதாபாத்தில் ஜைனர்களின் பர்யுஷண் நாட்களுக்காக 9 நாள் ஆட்டுத்தொட்டியை மூடினார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, 2008-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் மார்கண்டேய கட்ஜு. பலவகை மக்கள் சேர்ந்து வாழும் நாட்டில் ஒருவர் மனதை ஒருவர் மதிக்க வேண்டும் என்று அழகாகவே எழுதினார், அக்பரையும் துணைக்கு அழைத்தார். நெடுநாள் மூடச் சொல்லியிருந்தால் ஒருவேளை ரத்து செய்திருப்போம், 9 நாள்தானே என்பது அவர் கணக்கு. அது வருடத்தை வைத்துப் போட்ட கணக்கு. தொட்டியில் தோல் உரிப்பவர் மாதத்தை வைத்துப் போடுவார்: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வருமானம் போயிற்று. மதிப்பது எல்லோருக்கும் பொது என்றால் அதன் செலவு மட்டும் ஏன் ஒருவர் தலையில்? அந்தத் தீர்ப்பில் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

•

திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கினார். அதில் அவர் பேசுவது தின்பவனிடம். தின்ன ஆளில்லை என்றால் விற்க ஆளிருக்க மாட்டான் என்று அவனுக்கே நியாயம் எடுத்துச் சொல்கிறார். கடையைப் பூட்டச் சொல்லி அரசனைக் கேட்கவில்லை. வள்ளலாரும் அப்படித்தான். வடலூர் ஞான சபைக்குள் கொலையும் புலையும் தவிர்த்தவர்தான் நுழையலாம் என்பது அவருடைய சபைக்கு அவர் வைத்த விதி. 1867-ல் அவர் தொடங்கிய தருமச்சாலையில் பசித்தவர் எவருக்கும் சோறு உண்டு, அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. தன் வாசலில் கண்டிப்பு, பசித்தவனிடம் கருணை. அவர் நினைவு நாளில் ஊரான் கடைக்கு அதிகாரி வந்து பூட்டுப் போடுவதை அவர் வழி என்று சொல்ல என்னால் முடியவில்லை.

•

புரட்டாசியை யோசித்துப் பார்க்கிறேன். எந்த உத்தரவும் கிடையாது. ஆனாலும் பாதித் தெரு கறி தின்பதில்லை, கோழி விலை சரிகிறது, பாய்க்கு வியாபாரம் படுத்துவிடுகிறது. அவருக்கு நட்டம்தான், மகாவீரர் ஜெயந்தியைவிடப் பெரிய நட்டம். ஆனால் அவருக்கு அதில் வருத்தம் உண்டே தவிர கோபம் கிடையாது. “அவங்க விரதம், அவங்க இருக்காங்க” என்பார். வாங்காமல் இருப்பது அவரவர் இஷ்டம். வெள்ளிக்கிழமை மதியம் அவரும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போகிறார், வந்த ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். அந்த ஒரு மணி நேர வியாபாரம் அவர் விட்டுக்கொடுத்தது. இந்த இரண்டிலும் அரசுக்கு வேலையே இல்லை.

•

அரசுக்கு வேலை இருக்கும் இடம் வேறு. தொட்டியில் கால்நடை மருத்துவர் ஆட்டைப் பரிசோதித்து முத்திரை குத்துவது, ஈ மொய்க்காமல் மூடி வைக்கச் சொல்வது, எடைக்கல்லைச் சரிபார்ப்பது, இதற்கெல்லாம் அதிகாரி நாளைக்கு மூன்று முறை வரட்டும், வரவேற்கிறேன். இந்தக் கேள்விகள் எந்த மதத்துக் கடைக்காரரிடமும் ஒரே மாதிரிக் கேட்கக் கூடியவை.

•

கடையடைப்பு அறிவிப்பில், மீறினால் நடவடிக்கை என்று தவறாமல் ஒரு வரி வருகிறது. அறிவிப்பை நிறுத்தத்தான் வேண்டும். அதுவரைக்குமாவது அந்த வரிக்குக் கீழே இன்னொன்றையும் சேர்க்கட்டும்: வெட்டுகிறவர், குடல் அலசுகிறவர், தொட்டியில் தோல் உரிக்கிறவர், எல்லோருக்கும் அன்றைய கூலி மாநகராட்சிக் கணக்கில்.