எனக்குக் கட்டம் சரியில்லை

'கட்டம் சரியில்லை' என்று யாராவது புலம்பினால் எங்கள் காரைக்கால் பக்கம் உடனே திருநள்ளாறுக்கு வழி சொல்லிவிடுவார்கள். எனக்கு வந்த கட்டக் கோளாறுக்குச் சனீஸ்வரன் பொறுப்பில்லை. அது மேப்பின் மேல் நானே என் கையால் போட்ட கட்டம்.

நமக்கும் ஜியாக்ரஃபிக்கும் ரொம்ப தூரம். படிப்பது பி.காம். ரூரல் மார்க்கெட்டிங் ப்ராஜெக்டுக்காக, எங்க ஊர் விழிதியூரில் எந்த வயல் நெல் எங்கே விற்பனைக்குப் போகிறது என்று ஒரு மேப் போட ஆசைப்பட்டேன். க்யூஜிஐஎஸ் என்கிற இலவச மென்பொருளை இறக்கினேன். சிவில் படிக்கும் நண்பன் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட் ஒன்றின் ஸ்கேனைக் கொடுத்தான். நம்பர் 58 என்/13. அட்சரேகை 10 டிகிரி 45 நிமிஷத்திலிருந்து 11 டிகிரி வரை, தீர்க்கரேகை 79 டிகிரி 45 நிமிஷத்திலிருந்து 80 டிகிரி வரை. நான்கு மூலைக்கும் இந்த எண்களைக் கொடுத்தேன். 'எந்த அளவு முறை?' என்று மென்பொருள் கேட்டது. முதலில் இருந்த டபிள்யூஜிஎஸ் 84-ஐத் தட்டிவிட்டு நகர்ந்தேன். தப்பு நடந்தது அங்கேதான். அப்போது தெரியவில்லை.

அப்புறம் கைப்பேசியோடு பெரியப்பாவின் மூணு மா வயலைச் சுற்றி வந்து நான்கு மூலைகளையும் குறித்தேன். அதை ஷீட்டின் மேல் ஏற்றி, நிமிஷத்துக்கு ஒரு கோடாகக் கட்டம் போட்டு, ஓரத்தில் எண்கள் எழுதி, பெரிய தாளில் கலர் பிரிண்ட். பார்க்க அசல் சர்க்கார் மேப் மாதிரியே இருந்தது!

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஏண்டா தம்பி, நம்ம வயல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமாடா இருக்கு?"

அந்தப் பக்கத்து வயல்காரருக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறு. தாத்தா காலத்துச் சண்டை, இப்போதுதான் ஆறியிருந்தது. சாயங்காலத்துக்குள் டீக்கடையில் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். "அவங்க வீட்டுப் புள்ளையே கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டிட்டான், அவங்க இடம் எதுன்னு அவங்களுக்கே தெரியல." அன்றைக்கு ராத்திரி பெரியப்பா என்னோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

ரெண்டு நாள் தோண்டித் துருவினேன். விஷயம் இதுதான். பூமி சரியான உருண்டை இல்லை. அதனால் அளப்பவர்கள் ஒரு கணக்கு உருண்டையை வைத்துக்கொண்டு அதன்மேல்தான் கட்டம் போடுகிறார்கள். பழைய டோப்போ ஷீட்டுகளின் உருண்டை 'எவரெஸ்ட் 1830'. அது இந்தியாவுக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டது. அதன் மையம், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 உருண்டையின் மையத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் விலகியிருக்கிறது. ஆக, ஒரே அட்சரேகை, ஒரே தீர்க்கரேகை, ஆனால் தரையில் ரெண்டு இடம். எங்க பக்கம் வித்தியாசம் சுமார் 200 மீட்டர். தஞ்சாவூர்க் கணக்கில் மூணு மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், பக்கத்துக்கு 64 மீட்டர். அதாவது என் கட்டம் பெரியப்பாவின் வயலைத் தூக்கி மூணு வயல் தள்ளி வடமேற்கே வைத்துவிட்டது.

அந்தப் பழைய அளவைக் கிண்டல் செய்ய மனசு வரவில்லை. 1802-இல் லாம்டன் சென்னையில் தொடங்கிய வேலை அது. எங்க டெல்டாவில் மலை ஏது? தென்னையும் பனையும் பார்வையை மறைக்க, அவர் கோயில் கோபுரங்களில் ஏறிக் குறி பார்த்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் அதைப் பிரித்துப் போட்டுத் தானே சரிசெய்தார். நானோ ஒரு கேள்விக்கு யோசிக்காமல் ஓக்கே கொடுத்தவன் :-)

எங்க ஊருக்கு இதில் கூடுதல் குழப்பம் ஒன்று உண்டு. 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்களுடைய பழைய மேப்புகளில் தீர்க்கரேகை பாரிஸிலிருந்து தொடங்கும். பாரிஸ், கிரீன்விச்சுக்குக் கிழக்கே 2 டிகிரி 20 நிமிஷம். நமக்கு 79 டிகிரி 50 நிமிஷமாக இருக்கும் காரைக்கால் அந்தக் கணக்கில் 77 டிகிரி 30 நிமிஷம். அந்த எண்ணை அப்படியே இன்றைய கட்டத்தில் போட்டால் காரைக்கால் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் போய் உட்காரும். 1911-இல் பிரான்ஸ் கடைசியில் கிரீன்விச் நேரத்துக்கு மாறியபோதும், சட்டத்தில் 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 செகண்டு குறைத்தது' என்றுதான் எழுதினார்கள். புருஷன் பேரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்டாட்டி மாதிரி.

காமர்ஸ் மக்களுக்கு ஒரே வரியில் சொல்கிறேன். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று முதல் வருஷமே படித்தோம் இல்லையா? கட்டமும் அப்படித்தான். கோடுகள் நேராக இருக்கும், எண்கள் ஒழுங்காக ஓடும், உள்ளே தப்பு அப்படியே இருக்கும். ஓப்பனிங் பேலன்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது போல, இந்தக் கட்டம் எங்கிருந்து அளக்கப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். கட்டம் இல்லாத கோணல் மேப்பாக இருந்திருந்தால் பெரியப்பா சிரித்துவிட்டுப் போயிருப்பார். கட்டம் இருந்ததால் நம்பிவிட்டார்.

ஷீட்டுக்கு 'காலியான்பூர் 1975' என்று சரியான அளவு முறையைக் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் யூடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி, மீட்டர் கணக்கில் கட்டம் போட்டேன். வயல் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது. புது மேப்பைப் பெரியப்பாவிடம் காட்டிவிட்டு, பக்கத்து வயல்காரர் வீட்டுக்கும் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். எல்லையைத் தீர்மானிப்பது எஃப்எம்பி வரைபடமும் சர்வேயரும்தான், டோப்போ ஷீட்டும் என் கைப்பேசியும் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. காபி மட்டும் வந்தது.

பெரியப்பா புது மேப்பை மடித்து, பத்திரம் இருக்கும் பெட்டியில் வைக்கப் போனார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அதன் ஓரத்தில் எந்த அளவு முறை என்று நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.