போள் வீட்டின் மரங்கள்

ஆமதாபாத்தில் வாழும் நம் தமிழ் அன்பர்களில் பலர் மணிநகரிலும் கோக்ராவிலும் குடியிருப்பவர்கள். ஊரிலிருந்து வரும் ரயில் காளுப்பூர் நிலையத்தில் நின்றதும், மூட்டை முடிச்சுகளுடன் ஆட்டோ ஏறித் தெற்கு நோக்கிச் சென்றுவிடுவது வழக்கம். நிலையத்துக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் பழைய நகரம் இருக்கிறது. துணி எடுக்கவோ, மாணேக் சௌக்கில் நகை வாங்கவோ அல்லாமல் வேறு காரியமாக அதனுள் நுழைந்தவர்கள் நம்மில் சிலரே. அந்நகரத்துச் சந்து ஒன்றில் ஒரு வீடு பழுது பார்க்கப்படுவதை, விடுமுறை நாட்களில் சென்று ஓராண்டுக்கு மேலாகப் பார்த்து வருகிறோம். பழுது பார்ப்பவர் கொத்தனாரும் அல்லர், தச்சரும் அல்லர், புகைப்படக்காரர். அவருடைய காரியத்தை வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் 1411-ஆம் ஆண்டில் சுல்தான் அகமத் ஷா இந்நகரை நிறுவினார். மதிற்சுவர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வாயில்கள் பல இன்றும் நிற்கின்றன. காளுப்பூர் வாயிலைக் கடந்து, 1822-இல் எழுந்த சுவாமிநாராயண் கோயிலையும் தாண்டினால், குஜராத்தி மொழியில் 'போள்' என்று வழங்கும் குடியிருப்புகள் தொடங்குகின்றன. போள் என்பதை ஒரே வாயிலுக்குள் அடங்கிய சிற்றூர் என்று சொல்லலாம். உள்ளே ஒரு கோயில், ஒரு கிணறு, பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்று தூணின் மேல் அமைத்த சிறு மாடம். முட்டுச்சந்து போலத் தோன்றி, அடுத்த போளுக்குள் திறந்துவிடும் மறைவழிகள். இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். 2017-இல் யுனெஸ்கோ இப்பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்திய நகரங்களுள் அப்பெருமையை முதலில் அடைந்தது இதுவே. பெருமை வந்த பின்னும் ஓடு ஒழுகுவது நிற்கவில்லை என்கிறார் நம் நண்பர்.

வீட்டின் அமைப்பு நம்மவருக்கு எளிதில் விளங்கும். அவர்கள் 'ஓட்லோ' என்பது நம் திண்ணை. 'சௌக்' என்பது முற்றம். முற்றத்தின் அடியில் 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டி இருக்கும். முதல் மழையைக் கூரை கழுவுவதற்கென்று வெளியே விட்டுவிட்டு, அடுத்து வரும் நீரையே குழாய் வழியாக அதனுள் இறக்குவர். சுண்ணாம்பு பூசிய, வெயில் எட்டாத அத்தொட்டியில் நீர் அடுத்த மழைக்காலம் வரை கெடாமல் கிடக்கும். சுவர் செங்கல்தான், ஆயினும் வீட்டைத் தாங்குவது தேக்கு மரம். தூண், போதிகை, உத்தரம் எல்லாம் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். செங்கற் சுவருக்குள்ளேயும் இடையிடையே படுக்கை வசமாக மரங்களை ஓட்டியிருப்பார்கள். நிலம் அசைந்தால் இம்மரக்கூடு சற்றே நெளிந்து கொடுக்கும். 2001 ஜனவரி 26-ஆம் தேதி நேர்ந்த பூகம்பத்தில் இந்நகரின் கான்கிரீட் மாடிக் குடியிருப்புகள் பல இடிந்து பெருத்த உயிர்ச்சேதம் விளைந்ததை, இங்கு நெடுங்காலம் வாழ்வோர் மறந்திரார். போள் வீடுகளிலும் விரிசல் கண்டவை உண்டு. ஆனால் ஒழுங்காகப் பேணப்பட்டவை பெரும்பாலும் நின்றன.

இவ்வீடுகளை அழிப்பவை ஒழுகும் நீரும் தொங்கும் பூட்டும். பிள்ளைகள் ஆற்றின் மேல்கரைக்குக் குடிபோய்விடுகின்றனர். ஓடு ஒன்று நகர்கிறது, பார்ப்பாரில்லை. ஈரம் சுவரில் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனியை அரிக்கிறது. அவசரத்துக்கு யாரோ சிமெண்டு பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மரத்தை மேலும் கெடுக்கும். அந்தச் சமயம் பார்த்து வியாபாரி வருவான். வீட்டுக்கு விலை பேச மாட்டான். செதுக்கிய போதிகைக்கும் வாசல் நிலைக்கும் தனித்தனியே விலை பேசுவான். அவை எங்கோ ஒரு ஹோட்டல் கூடத்தில் அலங்காரமாக நிற்கும். இங்கே வீடு நிற்காது.

நம் நண்பரின் வீட்டுக்கும் அப்படி ஒருவன் வந்தான். நண்பர் பிழைப்புக்குக் கலியாணப் படம் எடுப்பவர். அதனோடு, பழைய வீடுகளைச் செப்பனிடும் கட்டடக் கலைஞர்களுக்காக, வேலைக்கு முன்னும் வேலை நடக்கையிலும் முடிந்த பின்னும் படம் எடுத்துக் கொடுப்பவர். அவ்வாறு பிறர் வீடுகளில் நின்று பார்த்தே வேலையின் நுட்பங்களைக் கற்றார். அவருடைய சொந்த வீட்டில் தாயார் மட்டும் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். சகோதரர் மூவர். மற்ற இருவரும் விற்றுவிடலாம் என்றபோது இவர் மறுத்து வாதாடவில்லை. "வீட்டை முழுவதும் படம் எடுத்து முடிக்கும் வரை பொறுங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம்" என்றாராம். அவர்களும் ஒரு வாரத்து வேலை என்று எண்ணி ஒப்புக்கொண்டார்கள். படம் எடுக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. இதைச் சூழ்ச்சி என்று அவருடைய தமையனார் இன்றும் சொல்வதுண்டு. நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது, நல்ல சூழ்ச்சி.

அவர் படம் எடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். சந்து ஏழடி அகலம். முகப்பை ஒரே படத்தில் பிடிக்கப் பின்வாங்க இடமில்லை. அகன்ற கண்ணாடி போட்டால் தூண்கள் சாய்ந்து காணும். ஆகவே எதிர்வீட்டு மாடி ஜன்னல்களில் ஒவ்வொன்றாக அமர்ந்து, காமிராவை மட்டம் பார்த்து நிறுத்தி, துண்டு துண்டாக எடுத்துப் பின்னர் கணினியில் இணைக்கிறார். ஒவ்வொரு படத்திலும் கறுப்பும் வெளுப்புமாக அளவு தீட்டிய ஒரு கோல் நிற்கும். காலை வெயில் சாய்ந்து விழும் சிறிது நேரமே செதுக்கு வேலைக்கு உகந்தது. அப்போதுதான் கிளியின் அலகும் தெரியும், மரத்தின் வெடிப்பும் தெரியும். ஒவ்வொரு மரத்துக்கும் தகரச் சீட்டில் எண் உண்டு. '2-கி-7' என்றால் இரண்டாம் தளம், கிழக்குப் பத்தி, ஏழாவது மரம் என்று கொள்ள வேண்டும். பார்சல் ஆபீஸில் பணி புரியும் நமக்கு இது பழகிய வித்தை. புறப்படும் நிலையம், சேரும் நிலையம், மொத்தம் எத்தனை உருப்படி என்ற குறி இல்லாத மூட்டை எந்த ஊர்க் கொட்டகையிலே போய்க் கிடக்கும் என்பதை நாம் அறிவோம்.

காமிராவைக் கொண்டு கட்டடங்களைப் பதிவு செய்வது நம் நாட்டில் புதிதன்று. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை இவ்வாறே துண்டு துண்டாகப் படம் பிடித்து, ஒரே நீண்ட சுருளாக ஒட்டினார். இவ்வாமதாபாத்தின் கட்டடங்களைப் பற்றிக் கர்னல் பிக்ஸ் எடுத்த படங்களுடன் 1866-இல் லண்டனில் ஒரு நூல் வெளியாயிற்று. அதில் பெரும்பாலும் மசூதிகளும் சமாதி மாடங்களும். குடியிருக்கும் வீட்டின் அடுக்களை உத்தரத்தைப் படம் எடுக்க அவர்களுக்கு என்ன தேவை இருந்திருக்கும்?

பின்சுவரில் ஒரு விரிசல் இருந்தது. நண்பர் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, ஞாயிறுதோறும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் காமிராவை வைத்துப் படம் எடுத்தார். மழை பிடித்த மூன்றாம் வாரம் கண்ணாடி உடைந்தது. அதன் பின் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால், சுவர் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டிருப்பது குழந்தைக்கும் விளங்கும். அப்படங்களைச் சகோதரர்களுக்கு அனுப்பினார். நடுச் சகோதரர் அன்று மாலையே வந்தார். முட்டுக் கொடுக்கும் மரங்களுக்குப் பணமும் கொடுத்தார்.

மழை நின்றதும் ஜாக்கி வைத்து மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டு பின்பத்தியைப் பிரித்தனர். தச்சர் எழுபது வயதை எட்டியவர். படங்களைக் கையில் கொடுத்தபோது புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் மரத்தின் முகம் இருக்கிறது, முதுகு எங்கே?" என்று கேட்டார். மரங்களைக் கோத்திருக்கும் ஆப்பு எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டது என்பது முகத்தில் தெரியாதாம். அது தெரியாமல் தட்டினால் நாக்கு முறிந்துவிடும். அவர் விரலால் தடவியே ஆப்பின் திசையைச் சொன்னார். அன்று முதல் ஒவ்வொரு மரமும் இறங்கியவுடன் அதன் முதுகும் இரு நுனிகளும் படமாயின. அழுகிய நுனியை மட்டும் அறுத்து, நல்ல தேக்கினால் ஒட்டுப் போட்டனர். முழு மரத்தையும் மாற்றுவது சுலபம், ஆனால் தேவையில்லை என்பது தச்சரின் கொள்கை.

நண்பர் படம் எடுப்பதோடு நிற்கவில்லை. காமிராவைப் புழுதி படாமல் பையில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டுத் தூண்களின் மேல் பூசியிருந்த எண்ணெய்ச் சாயத்தைச் சுரண்டுவார். பச்சை, அதன் அடியில் நீலம், அதன் அடியில் காவி, பிறகே மரம். சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறவைத்து, செங்கற்பொடி கலந்து குழைப்பதும் அவரே. செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் சுவரை மெருகிட்டதை நாம் சொன்னபோது, தச்சர் முட்டையைக் கேட்டு முகம் சுளித்தார். வெல்லத்தில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டில் சச்சரவு மூண்டது. முற்றத்துத் தூண்களில் நான்கு போதிகைகள். மூன்றில் யானை உண்டு. நான்காவது எப்போதோ உளுத்துப்போய், வெறும் பலகை அடித்திருந்தது. தாயாரின் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு கலியாணப் படம் அகப்பட்டது. மணப்பெண்ணின் தலைக்கு மேலே அந்நான்காம் யானை நிற்கிறது, அதுவும் பாதி. மற்றப் பாதியை ஒரு மாமாவின் தலைப்பாகை மறைத்துவிட்டது. தெரிந்த பாதியைச் செதுக்கி, தெரியாத பாதியை வெறுமையாக விட வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவரை ஏமாற்றியதாகும் என்றார் நண்பர். "அரை யானையின் கீழ் நான் தினமும் விளக்கேற்றுவதா?" என்றார் தாயார். தச்சர் முழு யானையையே செதுக்கி, கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில் ஆண்டைப் பொறித்துவிட்டார். நண்பர் அந்தப் பின்புறத்தைப் படம் எடுத்துக்கொண்டார். தாயாரின் பக்கமே நியாயம் என்பது நம் எண்ணம். அவர் வசிப்பது வீட்டில், காட்சிசாலையில் அன்று.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டுக்காரர்கள், தாங்கள் மேலே கட்டாமல் விடும் கட்டட உரிமையை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்றுக்கொள்ளலாம் என்று நகராட்சி ஏற்பாடு செய்திருக்கிறது. அத்தொகை வந்தால் முகப்பையும் செப்பனிடலாம். விண்ணப்பத்துக்கு மூன்று சகோதரர்களின் கையெழுத்தும் வேண்டும், இரண்டு கிடைத்திருக்கின்றன. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காகப் பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க அலைந்த அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கடந்த உத்தராயணத்தன்று தமையனார் பல ஆண்டுகளுக்குப் பிறகு அவ்வீட்டுக்கு வந்தார். பட்டம் விடப் போள் வீட்டுக் கூரைக்கு நிகரான இடம் இந்நகரில் இல்லை. குழந்தைகள் பிடிவாதம் செய்து இழுத்து வந்தார்கள். அவருடைய மகள் தகரச் சீட்டுகளை வாசித்துக்கொண்டே மாடி ஏறி, '3-மே-2' என்ற மரத்தின் அடியில் கத்தியால் கீறிய ஒரு பெயரைக் கண்டு கூவினாள். அது அவள் தகப்பனாரின் பெயர். பத்து வயதில் கீறி அடி வாங்கியதாம். அவர் அம்மரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்து இன்னும் போடவில்லை.

இப்போது இரண்டாம் தளத்து வேலை நடக்கிறது. மழைக்கு முன் ஓடு வேய்ந்தாக வேண்டும். இறக்கிய மரங்கள் எண் தெரியும்படி முற்றத்தின் இரு பக்கமும் அடுக்கியிருக்கின்றன. நடுவே டாங்காவின் மூடிக்கருகில் பாய் விரித்து, தாயார் கோதுமை புடைத்துக்கொண்டிருக்கிறார். போகிறவர்கள் '1-வ-4'-இன் மேல் உட்காராமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை.