ஆள் மாறினாலும் அவர் டாக்டர்தானா?

'டாக்டர் ஹூ' என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஊசி போடும் டாக்டர் இல்லை. பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 முதல் வரும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் அது. நடுவில் சில ஆண்டுகள் நின்று போய், மறுபடி தொடங்கியது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, விஞ்ஞானக் கதை என்றால் ழூல் வெர்ன் எழுதியதுதான். இந்த ஆங்கில டாக்டரை நான் அறிந்ததே அறுபது வயதுக்கு மேல், என் மகள் இங்கிலாந்தில் குடியேறிய பிறகு. ஆனால் கதையை விட, அதன் ரசிகர்கள் போடும் சண்டைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். டாக்டர் வேறொரு கிரகத்தைச் சேர்ந்தவர். நீல நிற மரப்பெட்டி போன்ற ஒன்றில் ஏறி, எந்தக் காலத்துக்கும் எந்த உலகத்துக்கும் போய் வருவார். அந்தக் காலத்தில் லண்டன் தெருக்களில் போலீசை அழைக்க ஒரு பெட்டி வைத்திருப்பார்களாம், அதன் உருவம். வெளியே பார்த்தால் ஒரு ஆள் நிற்கிற அளவு. உள்ளே போனால் மாளிகை. துப்பாக்கி வைத்துக் கொள்ள மாட்டார். புத்தியாலும் பேச்சாலும் சமாளிப்பார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'டாக்டர்' என்றால், 'எந்த டாக்டர், யார்?' என்று எதிரில் இருப்பவர் கேட்பார். அந்தக் கேள்விதான் தொடருக்குத் தலைப்பு.

முதல் நிகழ்ச்சி 1963 நவம்பர் 23 சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். அந்தப் பரபரப்பில் பலர் பார்க்கவில்லை என்று, அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதல் பகுதியை மறுபடியும் போட்டார்கள். தொடரை உருவாக்கியதில் முக்கியமானவர் சிட்னி நியூமன், கனடாக்காரர். முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், 27 வயதுப் பெண். முதல் இயக்குநர் வாரிஸ் ஹுசைன், நம் நாட்டு லக்னோவில் பிறந்தவர், அப்போது 24 வயது. ஆங்கிலேயர்கள் தங்கள் வீட்டுச் சொத்து போலக் கொண்டாடும் இந்தத் தொடருக்கு அஸ்திவாரம் போட்டவர்களைப் பாருங்கள்! ஒரு கனடாக்காரர், ஒரு இளம்பெண், ஒரு இந்தியர். பின்னால் வந்த சண்டைகளைப் பார்க்கும்போது இது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

முதல் டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல். நரைத்த நீள முடி, முன்கோபம், ஒரு தாத்தா. பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. மூன்று ஆண்டில் அவர் உடல்நிலை மோசமானது, வசனம் நினைவில் நிற்கவில்லை. தொடரோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்வது? டாக்டர் மனிதர் இல்லையே, அவர் உடம்பு தேய்ந்து போனால் புது உடம்பு எடுத்துக் கொள்வார் என்று ஒரு வழி கண்டார்கள். 1966 அக்டோபர் 29 அன்று கிழவர் தரையில் விழுந்தார். முகத்தில் வெளிச்சம் பரவியது. பேட்ரிக் டிரௌட்டன் என்ற வேறொரு நடிகரின் முகம் தெரிந்தது.

உருவத்தில் சாயல் இல்லை, குணத்திலும் இல்லை. முந்தினவர் கறாரான ஆசாமி. இவர் தொளதொள சட்டை போட்டுக்கொண்டு புல்லாங்குழல் ஊதுகிற கோமாளி. பிபிசி அப்போதே பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை தயாரிப்பது வழக்கம். புத்திசாலி விஞ்ஞானியாக இருந்தவரைக் கோமாளி ஆக்கி விட்டார்களே என்று அதில் சிலர் திட்டியிருக்கிறார்கள். புது டாக்டர் வந்தால் ரசிகர்கள் குறை சொல்வது அன்றைக்கே தொடங்கி விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்திலும் இதே கதைதான். 1974-இல் டாம் பேக்கர் வந்தார். பல நிறக் கம்பளிக் கழுத்துத்துணி தரையைத் தொட, ஏழு ஆண்டு நடித்தார். அந்தத் துணி அவ்வளவு நீளமானதற்குக் காரணம், பின்னுகிற அம்மாளிடம் கொடுத்த நூலை எல்லாம் மிச்சம் வைக்காமல் அவர் பின்னி விட்டாராம்! டாம் பேக்கர் போனபோது, இனி டாக்டரே கிடையாது என்றார்கள். வந்தவர் பீட்டர் டேவிசன். சின்னப் பையன் என்றார்கள். 2009-இல் மாட் ஸ்மித்தை அறிவித்தபோது அவருக்கு 26 வயது. யார் இவர் என்றார்கள். 2013-இல் பீட்டர் கபால்டி, 55 வயது, கிழவர் என்றார்கள். இந்தக் கடைசிச் சலசலப்பைக் கதைக்குள்ளேயே கொண்டு வந்து விட்டார்கள். கூடப் பயணிக்கும் பெண், நேற்று இளைஞராக இருந்தவர் இன்று நரைத்த தலையோடு நிற்பதைப் பார்த்துத் தவிக்கிறாள். அப்போது பழைய டாக்டரிடமிருந்து தொலைபேசி வருகிறது. புதியவர் பயந்து போயிருக்கிறார், அவருக்குத் துணையாக இரு என்று கேட்டுக் கொள்கிறார். அவளிடம் சொல்வது போல ரசிகர்களிடம் சொன்னது அது.

எல்லாவற்றையும் விடப் பெரிய புயல் 2017-இல் அடித்தது. ஜூலை 16, விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டம் முடிந்த கையோடு பிபிசி ஒரு சிறு படம் காட்டியது. காட்டு வழியில் முக்காடு போட்ட ஒருவர் நடந்து வருகிறார், கையில் சாவி. முக்காட்டை விலக்கினால், ஜோடி விட்டேக்கர் என்ற நடிகை. 54 ஆண்டுகளில் முதல் முறையாகத் தொடரின் நாயகர் ஒரு பெண்.

பிபிசிக்குப் புகார்கள் வந்தன. 1966-இலிருந்தே மாறிக்கொண்டே இருப்பதுதான் டாக்டரின் இயல்பு என்று அவர்கள் பதில் வெளியிட்டார்கள். முன்னாள் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ஆண் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரி ஒன்று போய்விடுமே என்று தனக்குக் கொஞ்சம் வருத்தம் என்றார் பீட்டர் டேவிசன். ஐம்பது ஆண்டு ஆண் பிள்ளைகளுக்கு இருந்ததே, போதாதா என்ற பொருளில் பதில் கொடுத்தார் இன்னொரு முன்னாள் டாக்டர் காலின் பேக்கர். டேவிசனைச் சிலர் மிகவும் தாக்கி எழுத, அவர் ட்விட்டரை விட்டே விலகினார். இத்தனைக்கும் அவர் சொன்னது மென்மையான வார்த்தை.

வேடிக்கை என்னவென்றால், இந்த யோசனை புதிதே அல்ல. தொடரை உருவாக்கிய சிட்னி நியூமனே 1986-இல், டாக்டரைப் பெண்ணாக மாற்றலாம் என்று பிபிசிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1980-இல் டாம் பேக்கர் விடைபெறும்போது, அடுத்து வருபவர் ஆணோ பெண்ணோ, அவருக்கு வாழ்த்து என்று குறும்பாகச் சொல்லி வைத்தார்.

2018 இலையுதிர் காலத்தில் நான் லீட்ஸ் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிட்டத்தட்ட என் வயது. அவர் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியாது, என் ஆங்கிலம் அவருக்குப் பாதி புரியாது. ஆனாலும் வேலி ஓரத்தில் நின்று தினமும் பேசுவோம். இரண்டு ஓய்வூதியக்காரர்களுக்குப் பேச விஷயமா இல்லை?

அவர் 1963-இல் முதல் நிகழ்ச்சியைப் பார்த்த பையன்களில் ஒருவர். சனிக்கிழமை மாலை அப்பா சுரங்க வேலையிலிருந்து வந்து குளித்து விட்டு உட்காருவாராம். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்த ஒரே காரியம் இந்தத் தொடரைப் பார்த்ததுதான் என்றார். 1966-இல் கிழவர் போய்க் கோமாளி வந்ததும், "இது நம்ம ஆள் இல்லை" என்று அவர் அப்பா எழுந்து போய்விட்டாராம். அப்புறம் ஒரு நாளும் வந்து உட்காரவில்லை. இவர் மட்டும் தனியாகப் பார்த்தார், அந்தக் கோமாளியை நேசிக்கக் கற்றுக்கொண்டார்.

"இப்போது என் முறை. நானும் எழுந்து போகலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

"பெண் என்பதாலா?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது மட்டும் என்றால் நான் மடையன். ஒவ்வொரு தடவை முகம் மாறும்போதும் என் ஆயுளில் ஒரு துண்டு முடிந்து போகிறது. இந்தத் தடவை மாறியது ரொம்ப அதிகம். இதில் என் அப்பாவை எங்கே தேடுவேன்?"

அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலும் சனிக்கிழமை வந்த தொடரை ஞாயிறுக்கு மாற்றியிருந்தார்கள். அதற்கும் ஒரு முணுமுணுப்பு. ஒன்பது வயதுப் பேத்தி அரைமணி முன்பே உட்கார்ந்து விட்டாள். எங்கள் வீட்டில் பார்க்க வரும்படி பெரியவரையும் மகள் அழைத்திருந்தாள். வந்தார். கதை நடப்பது லீட்ஸுக்குப் பக்கத்து நகரமான ஷெஃபீல்டில். விட்டேக்கர் அந்த யார்க்‌ஷயர் பக்கத்தில் பிறந்தவர், தன் சொந்த வட்டார உச்சரிப்பிலேயே பேசினார். பெரியவர் முகத்தில் மெல்லிய சிரிப்பு. "போகட்டும், நம்ம ஊர்க்காரி" என்றார். பேத்தியோ, பழைய ஸ்பூன்களை உருக்கி டாக்டர் தன் கருவியைத் தானே செய்கிற காட்சியில் எழுந்து நின்று விட்டாள். "தாத்தா, அவங்களே செய்யறாங்க பாருங்க!" என்றாள். அந்தப் பெண் பிள்ளைக்குக் கிடைத்ததும், அந்தப் பெரியவர் இழந்ததும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தன. எதையும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எதிர்ப்பவர்கள் எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டி விடக் கூடாது என்பது என் எண்ணம். கோப்புகளைப் பிரித்து வைத்தே பழகிய கை அல்லவா! முதல் கட்டில் இருப்பவர்கள், பெண் எப்படி என்று கேட்பவர்கள். என் பணிக்காலத்தில், எங்கள் பிரிவுக்கு முதன்முதலாக ஒரு பெண் அதிகாரி மாற்றலாகி வந்தபோது இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்து விழுந்ததும் பதவி அவருடையது. கோப்பு அவர் மேஜைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆறு மாதத்தில் பலர் மாறினார்கள். இரண்டு பேர் கடைசி வரை மாறவில்லை. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இரண்டாவது கட்டு, கதை சரியில்லை என்பவர்கள். விட்டேக்கர் காலத்தில் கதைகள் சவசவ என்று இருந்ததாகப் பலர் சொன்னார்கள். 2020-இல் டாக்டரின் பிறப்பு வரலாற்றையே மாற்றி எழுதியதும் கோபம் அதிகமானது. இது நியாயமான விமர்சனம். கதை எழுதியவரைக் கேட்க வேண்டிய கேள்விக்கு நடிகையை நிறுத்தி வைத்துத் திட்டியதுதான் தவறு.

மூன்றாவது கட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போன்றவர்கள். அவர்களிடம் வாதம் செய்யக் கூடாது. கூட உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அலுவலக நாற்காலி யார் உட்கார்ந்தாலும் நாற்காலிதான். ஆனால் மனத்தில் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் இன்னொருவரை அப்படி உத்தரவு போட்டு உட்கார வைக்க முடியாது.

இதை எழுதும்போது இன்னொன்றும் கவனித்தேன். ஆங்கிலத்தில் இந்த மாற்றத்தை எழுதினால், அதுவரை ஆண்பாலில் சொன்னதை எல்லாம் அந்த இடத்திலிருந்து பெண்பாலாக மாற்ற வேண்டும். நான் படித்த பிரெஞ்சிலோ, மேஜை நாற்காலிக்கே ஆண் பெண் உண்டு. டாக்டர் என்பது ஆண்பால் சொல், பெண் வந்ததும் இலக்கணமே தடுமாறும். நம் தமிழிலோ 'டாக்டர் வந்தார், சிரித்தார், காப்பாற்றினார்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். 'அவர்' என்ற ஒரு சொல்லில் தாத்தாவும் கோமாளியும் விட்டேக்கரும் அடங்கி விடுகிறார்கள். நம் மொழி இதற்குத் தயாராக இருந்தது. நாம் தயாரா என்பது வேறு விஷயம்.

விட்டேக்கருக்குப் பின், டேவிட் டென்னன்ட் கொஞ்ச காலம் திரும்பி வந்தார். அடுத்து வந்தவர் ஷூட்டி கட்வா. ருவாண்டாவில் பிறந்து, அங்கே நடந்த இனப்படுகொலைக்குத் தப்பி, ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர். அவர் வந்தபோதும் முணுமுணுப்பு. 2025 மே 31 அன்று அவரும் ஒளியாகிப் போனார். அந்த வெளிச்சத்திலிருந்து வந்தவர் பில்லி பைப்பர், 2005-இல் டாக்டரின் தோழியாக நடித்த அதே பெண். இவர்தான் அடுத்த டாக்டரா என்று கூடச் சொல்லாமல், பெயரை மட்டும் போட்டு முடித்தார்கள். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா, மறுபடி சண்டை!

பக்கத்து வீட்டுப் பெரியவர் 2021-இல் காலமானார் என்று மகள் சொன்னாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு வாரம் விடாமல் விட்டேக்கரைப் பார்த்தாராம். பிடித்ததா என்று கேட்டால், "பழகிக்கொண்டிருக்கிறேன்" என்பாராம். அவருடைய அப்பா எழுந்து போனார். இவர் போகவில்லை. அது பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.