தார் ரோடு தின்ற ஜீப்

கருணாபுரம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் குரல் ஒரு படி இறங்கிவிடுகிறது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானதிலிருந்து, கள்ளக்குறிச்சி நகரத்தின் இந்தப் பகுதிக்கு அந்தச் செய்தியே முகவரி. நான் போனது ஜீப் ரிப்பேருக்கு.

1991-ல் பதிவான டீசல் ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். என் கைக்கு வரும்போதே அது இரண்டு பேரைப் பார்த்துவிட்டது. பத்து நாளாக அதன் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். பெரிய பட்டறைகளில் காட்டினேன். பாகம் கிடைக்காது, வித்துடுங்க என்றார்கள். கல்வராயன் மலைக்கு ஓட்டுகிற ஒருவர்தான் இந்தத் தகரக் கொட்டகைக்கு வழி சொன்னார்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைத் தொடவே இல்லை. ஒரு சணல் கயிற்றை எடுத்து நாலு டயரையும் சுற்றி அளந்தார். அளந்த இடத்தில் முடிச்சு போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"முன்னாடி ரெண்டும் புதுசு போட்டிருக்கீங்க, பின்னாடி ரெண்டும் மொட்டை. மூணு சென்டி வித்தியாசம் சார்" என்றார். "கடைசியா எப்ப ஃபோர் வீல் போட்டீங்க?"

"மலை மேல, கரியாலூர் தாண்டி, மண் ரோட்டுல."

"போட்டது சரி. எப்ப எடுத்தீங்க?"

அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அடிவாரத்துக் கச்சிராயப்பாளையம் டீக்கடையில் நிறுத்தியபோதுதான் குட்டி ராடு எடுக்கப்படாமல் அப்படியே இருப்பதைக் கவனித்தேன். அதாவது மலைப்பாதை வளைவுகள் அத்தனையையும் நாலு சக்கர இழுவையோடே தார் ரோட்டில் இறங்கியிருக்கிறேன்.

பழைய ஜீப்பை ஓட்டாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் மூன்று ராடு நிற்கும். பெரியது வழக்கமான கியர். குட்டி ராடு இரண்டில் ஒன்று முன்னச்சை இழுவையில் கோர்க்கும். இன்னொன்று லோவுக்கு மாற்றும். லோவில் சக்கரத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அந்த அளவுக்கு ஏறும். இரண்டு அச்சுக்கும் விசையைப் பங்கிடுகிற பெட்டிக்குப் பட்டறையில் டிரான்ஸ்பர் என்று பெயர். முன்னச்சைக் கோர்த்துவிட்டால் முன்னும் பின்னும் ஒரே கணக்கில் சுழன்றாக வேண்டும். ஆனால் வளைவில் முன்சக்கரம் போகிற தூரம் அதிகம், பின்சக்கரம் போகிற தூரம் குறைவு. மண்ணில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்பருக்குள் போய் உட்காரும்.

இதோடு என் புது டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டே கால் மீட்டர் போகிறது என்றால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 444 சுற்று. சுற்றுக்கு மூன்று சென்டி வித்தியாசம் என்றால் கிலோமீட்டருக்குப் பதிமூன்று மீட்டர். நேர் ரோட்டில்கூட முன்னச்சு பின்னச்சைவிடப் பதிமூன்று மீட்டர் முந்தப் பார்க்கிறது, பின்னச்சு விடமாட்டேன் என்கிறது. காசை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றிய புத்திசாலித்தனத்தின் விலை இது.

"மலை இந்த வண்டியைக் கெடுக்காது சார். தார் ரோடுதான் கெடுக்கும். ரோட்டுக்கு வந்தும் எடுக்காம ஓட்டினு வந்தா அது என்ன பண்ணும்?" என்றார் பட்டறைக்காரர்.

டிரான்ஸ்பர் பெட்டியைக் கீழே இறக்கியது மறுநாள். தொண்ணூறு நம்பர் ஆயில் வெள்ளிப்பொடி கலந்ததுபோல வடிந்தது. உள்ளே நடு ஷாஃப்டை எடுத்து என் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டச் சொன்னார். ஊசி பேரிங் உருண்ட இடத்தில் நகம் தட்டியது. புது ஷாஃப்ட் போட்டால் போதாதா என்றேன். ஷாஃப்ட் உட்காரும் ஹவுசிங் ஓட்டையும் தேய்ந்திருக்கிறது, அதைச் சரிபண்ணாமல் புதுசு போட்டால் அடுத்த மாதமே ஆயில் ஒழுகும் என்றார். ஆக லேத்துக்குப் போனது. லேத்துக்காரர் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்குள் ஒரு புஷ் இறக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். அரை நாள் வேலை. அதில் பாதி நேரம் அளந்துகொண்டே இருந்தார்.

பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கட்டில் இரண்டாவது பட்டை விரிசல் விட்டிருந்தது. அது வேறு ஆள், வேறு கொட்டகை. பட்டையைக் கரியில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் தட்டி வளைவு எடுத்து, மேல்பட்டையோடு ஒட்டவைத்து இடைவெளி பார்க்கிறார். பையன் ஒருவன் எதிரில் நின்று தட்டுகிறான். இரண்டு சம்மட்டியும் மாறி மாறி விழுகிற தாளம் தவறினால் பட்டை வீண்.

நான் மிகவும் ரசித்தது முன்சக்கர வேலையை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். முன்சக்கரம் திரும்புகிற கிங்பின் பேரிங் தளர்ந்ததுதான் காரணம். தாள் போன்ற ஷிம்களை எடுத்தும் வைத்தும் அதன் இறுக்கத்தைச் சரிசெய்கிறார்கள். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதற்குப் பட்டறைக்காரர் எடுத்த கருவி, புளி நிறுக்கிற ஸ்பிரிங் தராசு! கொக்கியை மாட்டி இழுத்து, ஆறிலிருந்து ஏழு கிலோவுக்குள் சக்கரக் குமிழ் அசைந்தால் சரி என்றார். நாட்டுவைத்தியம் என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து பழைய வில்லிஸ் ஜீப்பின் கையேட்டைப் புரட்டினால் அதிலும் தராசு வைத்துத்தான் அளக்கச் சொல்லியிருக்கிறது, பவுண்டு கணக்கில். இரண்டாம் உலகப் போருக்குச் செய்த அந்த வண்டியின் வம்சம்தான் 1940களின் கடைசியில் மஹிந்திரா வழியாகப் பம்பாயில் கூட்டிப் பூட்டப்பட்டு நம் காட்டிலாகாவுக்கும் போலீசுக்கும் வந்தது. 1980களில் அதற்கு பெஜோ டீசல் எஞ்சின் வாய்த்தது. சிரித்ததற்கு அடுத்த முறை மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை.

தராசு வேலை நடந்த அன்று மாலை, மலைமேல் இன்னாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கிளட்ச் பார்க்க வந்திருந்தார். "அண்ணே, நாளைக்குக் கெடைக்குமா? மரவள்ளி பிடுங்கிப் போட்டிருக்கேன்" என்று அவசரப்பட்டார். ஒரு காலத்தில் ஆள், மூட்டை, பிரசவ வலிக்காரி என்று எல்லாவற்றையும் இவருடைய ஜீப்தான் இறக்கியிருக்கிறது. இப்போது அவர் ஊர் வரை பிக்கப் வருகிறது. ஜீப் காட்டுக்கும் களத்துக்கும் மட்டும். வருத்தமா என்று கேட்டேன். "ரோடு வந்ததுக்கு யாரு சார் வருத்தப்படுவா?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசு எடுத்த பிறகுதான் ரோடு என்ற பேச்சே. கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, இந்த மலைமக்களின் வாழ்க்கை வசதிகளைப் பற்றிக் கேட்டபோதும் ரோடு முன்னால் வந்து நின்றது. நோயாளியைத் தூளியில் சுமக்கிற ஊர் இருக்கும்வரை, ஜீப்பின் அழகைப் பற்றி உருகி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. டார்ஜிலிங் பக்கம் சந்தக்பூ மலைக்கு 1950களின் லேண்ட்ரோவர்கள்தான் ஓடின. பாதை சீரானதும் அங்கேயும் பொலிரோக்கள் ஏறிவிட்டன. பயணிகள் பழைய லேண்ட்ரோவரைப் படம் எடுக்கிறார்கள். ஓட்டுகிறவர்கள் பிழைப்பைப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் நான் ஏன் இந்த ஜீப்பை வைத்திருக்கிறேன்? இந்தக் கேள்வியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கேட்கும். பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். இருபது தாண்டினால் 10,000 என்று 2025-ல் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. கணக்குப் போட்டால் இது தேறாத வண்டிதான். ஆனால் கெட்டுப்போனால் எது கெட்டது என்று கையில் எடுத்துக் காட்டுகிற, நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்கிற வண்டி வேறு ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறாம் நாள் வண்டி கிடைத்தது. முனகல் இல்லை. சாவியைக் கொடுக்கும்போது பட்டறைக்காரர் சொன்ன ஒன்றை, குட்டி ராடு உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு அப்படியே தருகிறேன். தார் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி முன்னச்சு ராடை எடுங்கள். வராவிட்டால் பலம் போட்டு இழுக்காதீர்கள், முறுக்கு ஏறியிருக்கிறது. நேராக நாலடி பின்னால் எடுங்கள். தானாகக் கழன்று வரும்.