அரபிப் பேப்பரும் ஆம்பூர் மாமாவும்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் எல்லோரும் முதலில் வெயிலைத்தான் சொல்வார்கள். நண்பர்களே, வேலூர்க்காரனிடம் போய் வெயிலைப் பற்றிப் பேசலாமா! சவுதியிலாவது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12-லிருந்து 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

அடுத்தது பாஷை. அதிலும் எங்கள் மாமா தப்பித்தார். எட்டாவது தாண்டாதவர், ஆனால் ஆம்பூர் டேனரியில் பதினைந்து வருஷம் பாய்மார்களோடு நின்று வேலை பார்த்ததில் உருது தண்ணீராய் வரும். 2016-ல் தம்மாம் கேம்ப்பில் இறங்கிய அன்றே பீகார்க்காரர், பாகிஸ்தான்காரர் எல்லோரோடும் ஒட்டிக்கொண்டார். தஞ்சாவூர்ப் பையன்களுக்கு இவர்தான் மொழிபெயர்ப்பாளர்! குப்பூஸ்தான் ஒரு மாசம் தொண்டையில் இறங்கவில்லையாம்.

அவரை மடக்கியது பேப்பர். பத்தாவது பாஸ் ஆகாதவர்களுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட். வளைகுடா, மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, 1983-ம் வருஷச் சட்டப்படி அரசு அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார், இன்சூரன்ஸ் கட்டாயம். மாமாவுக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அங்கே போனதும் அரபியில் வேறொரு தாளை நீட்டினார்கள். "எல்லாரும் போடறாங்க, நானும் போட்டேன்டா" என்கிறார். சம்பளம் குறைந்தது. சாப்பாட்டுச் செலவு இவர் தலையில். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இக்காமா கைக்கு வர மூன்று மாசம். அதுவரை போலீசுக்குப் பயந்து கேம்ப் கேட்டைத் தாண்டவில்லை. முதலாளி சம்மதம் இல்லாமல் வேலை மாற அங்கே வழி திறந்தது 2021 மார்ச்சில். அதற்குள் மாமா ஊர் திரும்பிவிட்டார்.

நாமெல்லாம் பத்தாவது பாஸ். நமக்கு அந்த அனுமதி தேவையில்லை. "உனக்கு எந்த முத்திரையும் வேணாம்டா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. மாமாவின் முதல் தாளை ஒரு அதிகாரியாவது பார்த்தார். நம் தாளை நம்மைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்?

போன மாசம் சீனியர் அண்ணன் ஒருவருக்குத் துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு ஆர்டர் வந்தது. மூன்று பக்கம். சம்பளம் இருந்த முதல் பக்கத்தை மட்டும் படித்திருந்தார். மாமாவையும் வைத்துக்கொண்டு மீதியைப் படித்தோம். இரண்டு வருஷத்துக்குள் திரும்பினால் விசாச் செலவை இவரே கட்ட வேண்டுமாம்! விசாச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டமே. அண்ணன் அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.