இரவல் புத்தகங்களின் காலம்

யாழ்ப்பாணத்தில் என் வயதொத்தவர்கள் வாசித்த புத்தகங்களில் பெரும்பங்கு இரவல் வாங்கியவை. முதல் பக்கத்தில் யாரோ ஒருவருடைய பெயர் இருக்கும். அதை வெட்டி இன்னொரு பெயர். உள்ளே ஓரங்களில் மூன்றாவது ஒருவர் பென்சிலால் எழுத்தாளரோடு சண்டை பிடித்திருப்பார். அந்தப் பென்சில் எழுத்துகளையும் சேர்த்துத்தான் நாங்கள் கதை வாசித்தோம். புத்தகம் நம்மிடம் வருவதற்கு முன்பே அதைப் பற்றிய அபிப்பிராயம் ஒழுங்கையால் நடந்து வந்துவிடும்.

1970களில் வலிகாமத்தில் சனசமூக நிலையம் இல்லாத ஊர் அரிது. எல்லாரும் அதை வாசிகசாலை என்றுதான் சொல்வார்கள். ஒரு நீள மேசை, இரண்டு பக்கமும் வாங்கு, சுவரில் காந்தியும் பாரதியும் நாவலரும். காலையில் ஈழநாடு வரும். 1959இல் யாழ்ப்பாணத்திலேயே தொடங்கிய பத்திரிகை என்பதால் அதில் எங்களுக்குச் சொந்தம் அதிகம். வீரகேசரியும் தினகரனும் கொழும்பிலிருந்து ரயிலில் வரவேண்டும். ஒரு பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் வாசிப்பார்கள். கண் மங்கிய கிழவர்களுக்காக ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் இடையிடையே மறித்துக் கேள்வி கேட்பார்கள். மரண அறிவித்தல் முதலில், அரசியல் பிறகு. பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நேரம். அம்புலிமாமாவுக்கும் சிரித்திரனுக்கும் அடிபாடு. சிரித்திரன் ஆசிரியர் சிவஞானசுந்தரத்தின் சவாரித்தம்பரையும் மெயில்வாகனத்தாரையும் நாங்கள் ஊர்க்காரர்கள் போலவே பேசிக்கொண்டோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வாசிகசாலையின் கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. சாதி பார்த்து ஒரே ஊரில் இரண்டு வாசிகசாலைகள் இருந்த இடங்கள் உண்டு. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை விட்டுவிட்டு ஏங்கக்கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஒரு வகையில் வாசகர்களாகவே இருந்தார்கள். கோயிலில் கந்தபுராணம் படிக்கும் காலத்தில் ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன் சொல்வார். என் ஆச்சி கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். ஆனால் சூரபன்மனுக்கு யார் யார் என்ன புத்தி சொன்னார்கள், அவன் ஏன் கேட்கவில்லை என்பதை வரிசை தப்பாமல் சொல்வார். பயன் சொன்னவர் ஒரு இடத்தைச் சுருக்கிவிட்டால் வீட்டுக்கு வந்து குறைப்படுவார். நான் பிற்காலத்தில் கண்ட பல விமர்சகர்களைவிட அவர் கவனமானவர்.

அம்மாவின் வாசிப்பு வேறு. கல்கியில் வந்த பொன்னியின் செல்வனைக் கிழமை கிழமையாகக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, மட்டை வைத்துக் கட்டிய தொகுதிகள் அவரிடம் இருந்தன. அவையும் தனி அம்மாவுடையவை அல்ல. விட்டுப்போன இதழ்களைச் சின்னம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் கொடுத்துத்தான் அவை முழுமையாகின. தொடர்கதைப் பக்கத்தின் பின்புறத்தில் பாதியில் அறுந்த துணுக்குகளும் விளம்பரங்களும் இருக்கும். நான் அவற்றையும் விடாமல் வாசித்தேன்.

எனக்கு வாசிக்கக் கற்றுத் தந்தவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த இளைப்பாறிய தமிழ் வாத்தியார் ஒருவர். அவர் வீட்டு விறாந்தையில் கண்ணாடி போட்ட அலுமாரி. புத்தகம் கொடுப்பதற்கு ஒரு கொப்பி வைத்திருந்தார்; பெயர், திகதி, புத்தகத்தின் நிலை எல்லாம் எழுதுவார். திருப்பிக் கொடுக்கப் போனால்தான் உண்மையான சோதினை.

"தம்பி, கதை எப்பிடி?"

"நல்லம் ஐயா."

"நல்லம் எண்டால்? என்ன நல்லம், எவடத்திலை நல்லம்?"

பதில் சொல்லாவிட்டால் அடுத்த புத்தகம் வராது. "இன்னொருக்கா வாசிச்சிட்டு வா" என்று அதையே திருப்பித் தந்துவிடுவார். பிழையான பதிலுக்கு அவர் கோபித்ததே இல்லை. பதில் இல்லாமல் நிற்பதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. இன்றைக்கு எனக்குப் புத்தகங்களைப் பற்றிப் பிடிவாதமான அபிப்பிராயங்கள் இருக்கின்றன என்றால் அவை அந்த விறாந்தையில் முளைத்தவை.

இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு 1970களின் தொடக்கத்தில் கட்டுப்பாடு வந்தது. குமுதமும் விகடனும் நினைத்தபடி கிடைக்காமல் போனதில் அம்மாவுக்குக் கவலை. எனக்கோ அது நல்லதாய்ப் போயிற்று. வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் எங்கள் எழுத்தாளர்களை எங்கள் கைக்குக் கொண்டுவந்தன. செங்கை ஆழியானின் வாடைக்காற்று அப்படி வந்ததுதான். நெடுந்தீவுக் கடற்கரையும் பருவத்துக்கு வந்து வாடி போடும் மீனவர்களும் ஒரு அச்சடித்த கதைக்குள் இருப்பதைப் பார்த்தபோது உண்டான புளகத்தை இப்போது விளக்குவது கடினம். அதுவரை கதை நடக்கும் இடம் மயிலாப்பூர் அல்லது தஞ்சாவூர். செங்கை ஆழியானை இலகுவான எழுத்தாளர் என்று ஒதுக்குபவர்களோடு நான் இன்றும் வாதாடுவேன். அவர் புவியியல் படித்தவர். காற்று எந்தத் திசையிலிருந்து எப்போது திரும்பும் என்பது தெரிந்து எழுதினார். அந்தத் தெளிவு அவரைவிடக் கனமாக எழுதிய பலரிடம் கிடையாது.

கே. டானியலின் பஞ்சமர் 1972இல் வந்தது. வாத்தியார் அதை எனக்குக் கொடுக்கும்போது மட்டையைப் பேப்பரால் சுற்றித் தந்தார். அதில் மனிதர்கள் சில இடங்களில் மேடையில் நின்று பேசுவது போலப் பேசுவார்கள்; அமைப்பிலும் தளர்வுண்டு. ஆனால் நாங்கள் தண்ணீர் அள்ளிய கிணற்றையும் தேத்தண்ணி குடித்த கடையையும் கும்பிட்ட கோயிலையும் வெளியே நிறுத்தப்பட்டவரின் கண்ணால் எனக்குக் காட்டிய முதல் புத்தகம் அது. அதன்பிறகு எங்கள் வாசிகசாலையின் வாசலை நான் பழையபடி பார்க்கவில்லை. நான் வாசித்த ஈழத்து நாவல்களில் என்னை மாற்றியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எஸ்.பொ.வின் சடங்கு நேர்மாறு. அதை யாரும் படலையில் வைத்துக் கொடுக்கமாட்டார்கள். கொப்பிக்குள் ஒளித்துத்தான் கைமாறும். வாத்தியாரின் அலுமாரியில் அது இருந்ததா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கொழும்பில் கிளாக்கர் வேலை பார்த்து, லீவில் ஊருக்கு வருகிற குடும்பஸ்தனின் ஆசையையும் அவதியையும் அதைப்போல யாரும் எழுதவில்லை. எங்கள் பாதி வீடுகளில் அப்பாமார் அப்படித்தான் வந்து போனார்கள். ஆபாசம் என்றார்கள். எனக்கு அது துயரமான புத்தகம். நடை என்று பார்த்தால் எஸ்.பொ.வுக்குப் பக்கத்தில் வைக்க ஆளில்லை. பழைய நினைவுகளில் மூழ்குவதற்கு ‘நனவிடை தோய்தல்’ என்ற பெயரைத் தன் நூலுக்கு வைத்துப் புழங்கவிட்டவரும் அவர்தான்.

பட்டணத்துக்குப் போனால் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன். தலைமயிர் வெட்டிக்கொண்டே டொமினிக் ஜீவா மல்லிகையை நடத்திய இடம். 1966 ஓகஸ்டில் தொடங்கிய அந்தச் சஞ்சிகையை அவரே கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். வாங்கும்போது போன இதழில் எது பிடித்தது என்று கேட்பார். அந்தச் சலூனில் நடந்த பேச்சைக் கேட்டு இலக்கியம் படித்தவர்கள் பலர்.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பொதுசன நூலகம். 1930களில் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தொடக்கி வைத்த முயற்சி. நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடும் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தோடும் எழுந்து, 1959இல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை. உள்ளே போனால் வெயில் பின்னால் நின்றுவிடும். கால் சத்தம் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஊருக்கு ஊர் இரவல் நடந்த பழக்கத்தின் பெரிய வீடாகவே அதை நான் நினைத்திருந்தேன்.

1981 மே 31 இரவு பட்டணத்தில் வன்செயல் தொடங்கியது. பூபாலசிங்கம் புத்தகசாலையும் ஈழநாடு அலுவலகமும் அந்த நாட்களில் எரிந்தன. நூலகமும் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள், பழைய பத்திரிகைத் தொகுப்புகள். பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்டு மாரடைப்பால் இறந்தார். எரிந்தவற்றில் நான் எடுத்து வாசித்தவை சில. நாளைக்கு வாசிக்கலாம் என்று தட்டிலேயே விட்டு வந்தவைதான் அதிகம்.

அதன் பிறகும் வாசிப்பு நிற்கவில்லை என்பதைப் பதிவு செய்யவேண்டும். 1990இல் யுத்தத்தால் மின்சாரம் போனது, பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, துளி மண்ணெண்ணெயில் நனைத்து, திரி வைத்து எரித்த விளக்கில் நாங்கள் வாசித்தோம். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் உதயன் அச்சானது. மல்லிகையும் அந்தக் கோடு போட்ட தாளில் வந்தது. மலிவு விலைச் சோவியத் புத்தகங்கள் மறுபடி சுற்றுக்கு வந்தன. ஐத்மாத்தவின் ஜமீலாவை ஒரே விளக்கின் இரண்டு பக்கத்திலும் இருந்து நானும் தங்கச்சியும் வாசித்தோம். அவள் முடிக்கும்வரை நான் தாள் புரட்டாமல் காத்திருப்பேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தம் நெருங்கி வர, வலிகாமம் வெளிக்கிட்டது. மழைக்குள் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். சைக்கிளில் அரிசி, உடுப்பு, அம்மா. புத்தகத்துக்கு இடமில்லை. அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு அலுமாரி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. வாத்தியார் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார். அவருடைய கொப்பியும் போயிற்று. யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்திருந்தார் என்பது அதோடு போயிற்று. அவருடைய இரண்டு புத்தகங்கள் என்னிடம் இருந்தவை. அவையும் எங்கள் அலுமாரியிலிருந்து போனவை.

நூலகம் மறுபடி கட்டப்பட்டு நிற்கிறது. பிள்ளைகள் பாடம் படிக்க அங்கே போகிறார்கள், நல்லது. வாசிகசாலைகள் சிலவற்றில் பேப்பர் இன்னும் வருகிறது. ஆனால் வாசித்ததைப் பற்றிக் கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. பொருள் அழிந்தால் தேடலாம். அந்தக் கேள்வி கேட்கிறவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் சுடலைக்கும் போய்விட்டார்கள்.

மிஞ்சியது கொஞ்சம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் றங்குப்பெட்டிகளில் மல்லிகை, கலைச்செல்வி, அலை இதழ்கள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், அந்தியேட்டிக்கு அடித்த ‘கல்வெட்டு’ என்ற நினைவு நூல்கள் எல்லாம் கறையானுக்குக் காத்திருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இவற்றைத்தான் தேடித் தேடிப் பதிவேற்றி வருகிறது. வெளிநாட்டிலிருந்து காணி விற்கவும் வீடு திருத்தவும் வருகிறவர்கள், பழைய கடதாசி என்று எரிக்கக் கொடுப்பதற்கு முன், அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். கிடைப்பதை அந்த இணையத்தளத்தாரிடமோ ஊர் வாசிகசாலையிடமோ கொடுங்கள். வேறொருவர் பெயர் எழுதிய புத்தகம் அகப்பட்டால், அந்தக் குடும்பத்தைத் தேடி ஒரு சேதி சொல்லுங்கள்.